கையொப்பமிட்ட நவீன கட்டடக்கலை நூல்கள்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது வெளிவரும் நூல்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்டுவரும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் நூல் வணிகன் அல்லன். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலை பற்றிய நூல்களை, அவற்றை எழுதியவர்களின் கையொப்பத்தோடு தேடிச் சேர்ப்பவன்.

கையொப்பமிட்ட நூல் என்றால் என்ன? கையெழுத்துப் பிரதி என்பதும் இதுதானா?

இரண்டும் வேறு. கையெழுத்துப் பிரதி என்பது அச்சுக்குப் போவதற்கு முன் ஆசிரியர் கைப்பட எழுதிய மூலம். கையொப்பமிட்ட நூல் என்பது அச்சாகி வெளிவந்த பிரதியில் ஆசிரியரோ, அந்நூல் யாருடைய கட்டடங்களைப் பற்றியதோ அவரோ தம் பெயரை எழுதித் தந்தது. இதிலும் வகைகள் உண்டு. வெறும் பெயர் மட்டும் இருப்பது ஒன்று. இன்னாருக்கு இன்ன நாளில் அன்புடன் அளித்தது என்று எழுதப்பட்ட அன்பளிப்புப் பிரதி மற்றொன்று. பதிப்பாளரே குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் எண் போட்டு ஆசிரியரிடம் ஒப்பம் வாங்கி விற்ற வரையறைப் பதிப்பு மூன்றாவது. நான்காவது வகையே எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்தது: ஒரு கட்டடக் கலைஞர் தம் ஆசிரியருக்கோ, தம்மிடம் வீடு கட்டிக்கொண்டவருக்கோ, கட்டடத்தை எழுப்பிய பொறியாளருக்கோ கொடுத்த பிரதி.

நம் ஊரில் இதை விளக்குவது எளிது. கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்காகக் கடல் கடந்து, போன இடங்களில் எல்லாம் நம்மவர்கள் ஒப்பமிட்ட சீட்டாகிய கைச்சாத்து வாங்கிப் பழகியவர்கள். கைச்சாத்தில் பெயர் மட்டும் இருந்து, யாருக்கு, எதற்கு, எந்த நாளில் என்பது இல்லாவிட்டால் அதைப் பேரேட்டில் ஏற்றமாட்டார்கள். நூலில் உள்ள ஒப்பத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும் என்பதே இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது.

பழைய வீடுகளுக்குப் பெயர்பெற்ற செட்டிநாட்டில் நவீன கட்டடக்கலை நூல்களுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை வெளியூர்க்காரர்களைவிட உள்ளூர்க்காரர்களே மிகுதியாகக் கேட்கிறார்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் மட்டுமே செட்டிநாடு என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். 1930களிலும் 1940களிலும் இங்கே எழுந்த வீடுகளின் முகப்பைப் பாருங்கள். வளைந்த மாடி விளிம்புகளும், பட்டைபட்டையாக ஓடும் சிமெண்டுக் கோடுகளும், அப்போது பம்பாயிலும் இரங்கூனிலும் சிங்கப்பூரிலும் பரவிக்கொண்டிருந்த ஆர்ட் டெக்கோ பாணியை இந்த ஊர்க் கொத்தனார்கள் தம் கையில் எடுத்துக்கொண்டதைக் காட்டும்.

சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். பதினான்கு மாடிகளோடு நாட்டின் மிக உயர்ந்த கட்டடங்களுள் ஒன்றாக அது அன்று நின்றது. அதைத் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கியவர் நகரத்தாரான எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954இல் சிங்கப்பூரில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். இலண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் ஆகிய இருவரின் வடிவமைப்பில் தொடங்கிய அந்தப் பணியை எல்.எம். சித்தாலே நிறைவேற்றினார். காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாயிலும் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. இத்தகைய பணிகளில் ஈடுபட்ட குடும்பங்களின் அலமாரிகளில் அந்தக் காலத்துக் கட்டட நூல்களும் இதழ்களும் விலைப்பட்டியல்களும் தங்கியிருப்பதில் வியப்பில்லை.

வருத்தம் என்னவென்றால், வீடு பிரிக்கப்படும்போது தூணுக்கும் கதவு நிலைக்கும் நின்று விலை பேசுகிறவர்கள் தாளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

புதிதாகச் சேர்ப்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஐரோப்பிய மேதைகளிடமிருந்து தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நம் மண்ணையும் வெயிலையும் பற்றி எழுதியவர்களிடமிருந்து தொடங்குங்கள். முல்க் ராஜ் ஆனந்த் 1946இல் பம்பாயில் தொடங்கிய ‘மார்க்’ இதழின் பெயரே நவீன கட்டடக்கலை ஆய்வுக் குழு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. இலங்கைக் கட்டடக் கலைஞரான மினெட் டி சில்வாவும் அந்தத் தொடக்கக் குழுவில் இருந்தவர். அதன் தொடக்க ஆண்டு இதழ்கள் இன்றும் பழைய கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கின்றன.

மாக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் சேர்ந்து வெப்பமண்டலக் கட்டடக்கலை பற்றி 1956இலும் 1964இலும் வெளியிட்ட இரண்டு நூல்கள், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த நம் வளவு வீடுகளில் காற்று எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளவும் உதவும். இருவரும் சண்டிகரில் பணியாற்றியவர்கள். ஆகவே அவர்கள் ஒப்பமிட்ட பிரதிகள் இந்தியாவில் தோன்றுவதற்கு நியாயம் இருக்கிறது. சார்லஸ் கொரியா 1985இல் பம்பாயில் வெளியிட்ட ‘தி நியூ லேண்ட்ஸ்கேப்’, 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற பாலகிருஷ்ண தோஷியின் தன்வரலாறு, லாரி பேக்கர் கைப்பட எழுதி வரைந்த சிக்கனக் கட்டுமானக் குறுநூல்கள் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். பேக்கரின் குறுநூல்கள் மெல்லியவை, மலிவாக விற்கப்பட்டவை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமெண்டுக் கையோடு புரட்டப்பட்டவை. அதனாலேயே, நல்ல நிலையில் உள்ள பழைய பிரதியொன்றில் அவர் ஒப்பமும் இருந்தால் அது அரியது.

புதுச்சேரி நமக்குப் பக்கம். அங்கே 1930களின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்ட கோல்கொண்டா விடுதி, இந்தியாவின் தொடக்கக் கால நவீனக் கட்டடங்களில் தலையாயது. அதை வடிவமைத்த ஆண்டனின் ரேமண்டின் தன்வரலாறு 1973இலும், அங்கே தங்கிக் கட்டுமானத்தை மேற்பார்த்த ஜார்ஜ் நகாஷிமா மரவேலை பற்றி எழுதிய நூல் 1981இலும் வெளிவந்தன. தேக்கைப் பற்றி நமக்குத் தெரியும் என்று எண்ணுகிற எவரும் நகாஷிமாவைப் படிக்க வேண்டும்.

உலக அளவில் மிக அரியவை எவை?

அரியது என்பதற்கு ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட்டின் கட்டடங்களையும் வரைவுகளையும் நூறு கல்லச்சுத் தாள்களில் பெர்லினில் வாஸ்முத் பதிப்பகம் 1910இல் வெளியிடத் தொடங்கியது. அமெரிக்காவில் விற்பதற்காக ரைட் வைத்திருந்த பிரதிகளில் பெரும்பகுதி 1914ஆம் ஆண்டு அவருடைய டாலியெசின் இல்லத்தில் பற்றிய தீயில் அழிந்துபோயிற்று. சண்டிகரை வடிவமைத்த லெ கார்புசியே 1955இல் பாரிசில் டெரியாத் பதிப்பகத்தின் மூலம் வெளியிட்ட செங்கோணக் கவிதை நூல் 250 பிரதிகள் மட்டுமே அச்சாகி, அவர் ஒப்பத்தோடு வந்தது. இந்த இரண்டையும் நான் அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

எட்டக்கூடியவையும் இருக்கின்றன. வால்டர் குரோபியசும் மொஹொலி நாகியும் பதிப்பித்து 1925 முதல் 1930 வரை வந்த பௌஹௌஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியின் நூல்வரிசையில் உள்ள பதினான்கு தொகுதிகளில் சில, தனித்தனியாக விற்பனைக்கு வருகின்றன. ராபர்ட் வென்சூரி, டெனிஸ் ஸ்காட் பிரௌன், ஸ்டீவன் ஐசனௌர் ஆகிய மூவர் லாஸ் வேகஸ் நகரத்தைப் பற்றி எழுதிய நூலின் 1972ஆம் ஆண்டுப் பதிப்பு பெரிய அளவில் வந்தது. 1977ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு சிறிய அளவுக்கு மாறிவிட்டது. ஐசனௌர் 2001இல் மறைந்தார். ஆகவே மூவர் ஒப்பமும் ஒருங்கே உள்ள பெரிய பதிப்பு கிடைத்தால் அதை மீண்டும் பார்ப்பது அரிது.

முதற்பதிப்பு என்பதை எப்படி அறிவது?

தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கடைசித் தாளையும் பாருங்கள். லெ கார்புசியேயின் மிகப் புகழ்பெற்ற நூல் 1923இல் பாரிசில் வந்தது. அடுத்த ஆண்டே விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. 1927இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. மூன்றையும் ‘முதற்பதிப்பு’ என்றே விற்பவர்கள் உண்டு. மொழிபெயர்ப்பின் முதற்பதிப்பு மூலத்தின் முதற்பதிப்பு ஆகாது. ரைட்டின் தன்வரலாறும் அப்படியே: 1932ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் 1943ஆம் ஆண்டு விரிவுப் பதிப்புக்கும் உள்ளடக்கமே வேறு. விலை சொல்பவரிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தின் படத்தைக் கேளுங்கள்.

ஒப்பம் உண்மையானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் ஏமாந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து, லெ கார்புசியே கைப்பட எழுதிய வரிகளும் ஒப்பமும் உள்ளது என்ற விவரிப்பை நம்பி ஒரு தொகுதியை வாங்கினேன். வந்த அன்று மாலை, முற்றத்து வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக்காரர் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பேனாவால் எழுதிய கோட்டில் மை தாளின் இழைகளுக்குள் ஊறி, திருப்பங்களில் தேங்கி, தூக்கும் இடத்தில் மெலிந்திருக்கும். என் கண்ணுக்குத் தெரிந்ததோ, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அடர்த்தியில் ஓடும் கறுப்பும், ஓரங்களில் ஒழுங்காக அமைந்த நுண்புள்ளிகளும். அது அச்சு. அவர் தம் கையெழுத்தை அப்படியே அச்சில் ஏற்றுவதை வழக்கமாகக் கொண்டவர். செங்கோணக் கவிதையின் உரை முழுவதுமே அவர் கையெழுத்தின் அச்சுதான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானின் குறிப்பேடுகளையும் வரைவுகளையும் கொண்ட 1962ஆம் ஆண்டு நூலும் அத்தகையதே. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெற நான்கு மாதம் ஆயிற்று.

ஆகவே முதல் சோதனை கண்ணாடி. இரண்டாவது சோதனை சாய்வெளிச்சம். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தாளின் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பாருங்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தால் தாளில் பள்ளம் தெரியும். அடுத்த தாளிலும் சில வேளை அதன் தடம் இருக்கும். மூன்றாவது, காலக்கணக்கு. பந்துமுனைப் பேனா 1945க்குப் பிறகே சந்தையில் பரவியது. நார்முனைப் பேனாக்கள் 1960களில்தான் எல்லார் கைக்கும் வந்தன. 1932 என்று நாளிட்ட ஒப்பம் பந்துமுனைப் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் அதற்குமேல் ஆராய ஒன்றுமில்லை. ரைட் 1959இலும், லெ கார்புசியே 1965இலும், கான் 1974இலும், லாரி பேக்கர் 2007இலும், கொரியா 2015இலும், தோஷி 2023இலும் மறைந்தார்கள். கான் அகமதாபாத்தில் தாம் கட்டிக்கொண்டிருந்த மேலாண்மைக் கழகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் நியூயார்க் தொடர்வண்டி நிலையத்தில் இறந்தவர். அவருடைய சொற்களைத் தொகுத்து 1986இல் வெளிவந்த நூலில் அவர் ஒப்பம் இருக்க முடியாது என்பது சொன்னால் எளிதாகத்தான் இருக்கிறது. வாங்கும் ஆசையில் அந்த எளிய கணக்கை விட்டுவிடுபவர்கள் பலர்.

நான்காவது, தாள். 1950களை ஒட்டி வெண்மை கூட்டும் வேதிப்பொருள்களைத் தாளில் சேர்க்கத் தொடங்கினார்கள். அவை புறஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். 1920களின் நூலில் ஒப்பம் உள்ள தாள் மட்டும் ஒளிர்ந்தால், அது பின்னாளில் ஒட்டப்பட்டது. நோட்டுச் சோதிக்கும் சிறிய புறஊதா விளக்கே இதற்குப் போதும். தனிச்சீட்டில் ஒப்பம் வாங்கி ஒட்டுவதும் உண்டு, அது குற்றமில்லை. ஆனால் ஒட்டுச்சீட்டு எந்த நூலிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்குரிய விலை குறைவு.

கடைசியாக, ஒப்பத்தின் நடை. ஒருவரின் ஒப்பம் இருபது வயதிலும் எண்பது வயதிலும் ஒன்றாக இராது. காப்பகங்களும் ஏல நிறுவனங்களும் வெளியிட்டுள்ள ஐயமற்ற ஒப்பங்களை ஆண்டுவாரியாகச் சேர்த்து ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். போலி எழுதுபவர் வடிவத்தைப் பார்த்து வரைகிறார். வேகத்தை அவரால் வரைய முடிவதில்லை. நடுங்கி நின்று நின்று போகும் கோடு கண்ணாடியின் கீழ் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேறொருவர் பெயர் எழுதப்பட்ட அன்பளிப்புப் பிரதி மதிப்புக் குறைந்ததா?

அப்படி ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. பெயர் மட்டும் உள்ள ஒப்பம் சுத்தமானது, இன்னாருக்கு என்று எழுதியது பழசு என்று நினைக்கிறார்கள். நான் நேர்மாறாக நினைக்கிறேன். பெயரும் ஊரும் நாளும் உள்ள பிரதியைச் சரிபார்க்க முடியும்; அந்த நாளில் அந்தக் கலைஞர் அந்த ஊரில் இருந்தாரா என்று தேடிப் பார்க்கலாம். என்னிடம் பழைய மார்க் இதழ் ஒன்று இருக்கிறது. ஒப்பம் எதுவும் அதில் இல்லை. ஓரத்தில் யாரோ கட்டட மேஸ்திரி ஒருவர் பென்சிலால் செங்கல் கணக்குப் போட்டு, கீழே “சுண்ணாம்பு 40 மூட்டை” என்று எழுதி, அடிக்கோடிட்டு, பிறகு அதை அடித்து 36 ஆக்கியிருக்கிறார். மும்பையில் அச்சான ஒரு சிந்தனை எங்கள் பக்கத்துச் சாரத்தின் மேல் ஏறிய தடம் அது. தயவுசெய்து இத்தகைய குறிப்புகளை ரப்பரால் அழித்துவிடாதீர்கள்.

மேலுறை இல்லாவிட்டால் பாதகமா?

ஆம். கட்டடக்கலை நூல்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். ஏனென்றால் பலவற்றில் மேலுறையே வடிவமைப்பின் ஒரு பகுதி. மேலுறை கிழிந்திருந்தால் பசைநாடா ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

செட்டிநாட்டில் எங்கே தேடுவது?

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அங்கே பீங்கான் சாடிகளுக்கும் இரவிவர்மா அச்சுப் படங்களுக்கும் நடுவில் நூல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கடைக்காரர்கள் அவற்றைப் பொதுவாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே பொறுமை உள்ளவருக்கு இடம் உண்டு. முன்னட்டையைப் புரட்டியதும் வரும் வெற்றுத்தாள், நூலின் பெயர் மட்டும் உள்ள அரைத்தலைப்புப் பக்கம், தலைப்புப் பக்கம் மூன்றையும் பாருங்கள். பின் அட்டையின் உட்புறத்தையும் விடாதீர்கள். இரங்கூன், பினாங்கு, கொழும்பு, கோலாலம்பூர் புத்தகக் கடைகளின் சிறிய ஒட்டுச்சீட்டுகள் அங்கேதான் இருக்கும். ஒரு நூல் எந்தத் துறைமுகம் வழியாக இந்த ஊருக்கு வந்தது என்பதை அவை சொல்லும்.

வீடுகளிலிருந்து நேரடியாக வாங்கும்போது ஒரு கவனம் தேவை. இங்கே பெரிய வீடு ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பது அரிது. வளவில் ஆளுக்கோர் அறையும் பெட்டகத்தில் ஆளுக்கொரு பங்கும் உள்ள பங்காளிகள் பத்துப் பதினைந்து புள்ளிகளாக, அதாவது தனிக் குடும்பங்களாக, பிரிந்து பல நாடுகளில் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் கொடுத்தார் என்பதற்காக எடுத்துவந்துவிடாதீர்கள். என்ன நூல், யார் வீட்டது, எந்த நாளில் யார் சம்மதத்தோடு கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் தகராறு வராமல் காப்பதும் அதுதான்; நூலின் வரலாற்றுக்குச் சான்றாக நிற்பதும் அதுதான். நூலக முத்திரை உள்ள பிரதியில் ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எங்கோ ஒரு நூலகத்தின் அலமாரியில் அதற்கான இடம் காலியாக இருக்கிறது.

வெளியே என்றால், சென்னையில் திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடைகள், பெங்களூரு அவென்யூ சாலை, கொல்கத்தா காலேஜ் தெரு ஆகியவற்றுக்குப் போகும் வாய்ப்பை நான் விடுவதில்லை. இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் தரும் விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அச்சு நூல்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கட்டடக் கலைஞரிடம் நேரில் ஒப்பம் கேட்கலாமா?

கேட்கலாம், அவர்கள் மகிழ்கிறார்கள். சொற்பொழிவு முடிந்ததும் கூட்டத்தில் நெருக்காமல், அவருடைய அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது முறை. வெற்றுத்தாளில் கேட்காமல் நூலில் கேளுங்கள். ஊரையும் நாளையும் எழுதச் சொல்லுங்கள். தடாவோ ஆண்டோ போன்ற சிலர் ஒப்பத்தோடு சிறு கோட்டோவியமும் வரைந்து தருவது வழக்கம். பளபளப்பான தாளில் ஊற்றுப்பேனா மை பரவிவிடும் என்பதால், அமிலமற்ற நிறமி மை கொண்ட மெல்லிய முனைப் பேனாவை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

இந்த வெயிலிலும் மழையிலும் எப்படிப் பாதுகாப்பது?

நம் பகுதி ஆண்டின் பெரும்பகுதி உலர்ந்திருப்பது நூலுக்கு ஓரளவு நல்லது. துன்பம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வருகிறது. பல மாதம் உலர்ந்து கிடந்த தாள் திடீரென்று ஈரத்தை உறிஞ்சி நெளியும். காப்பகங்கள் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைக்க முயல்கின்றன. வீட்டில் அது இயலாது. ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாமல் வைப்பது இயலும். பரண் கூடாது, ஓட்டுச் சூடு அங்கே தங்கும். முற்றத்தை ஒட்டிய சுவரும் கூடாது. தடித்த சுவர்கள் சூழ்ந்த உள்ளறையே சிறந்தது. நகைக்கும் பட்டுக்கும் நம் முன்னோர் எந்த அறையைத் தேர்ந்தார்களோ அதுவே நூலுக்கும் ஏற்றது.

கட்டடக்கலை நூல்களுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. புகைப்படங்களுக்காக வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தாள் நனைந்து உலர்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். பிறகு எவராலும் பிரிக்க முடியாது. சாரல் பட்டுவிட்டால் உலரும் முன்பே பக்கங்களுக்கு இடையில் உறிஞ்சுதாள் வைத்துப் பிரித்துவிடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் பாலித்தீன் பையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிட்டு, பிறகு தேர்ந்தவரிடம் கொடுங்கள். உறைந்த தாள் காத்திருக்கும்.

பூச்சிகளில் இராமபாணமும் கரையானும் முதன்மையானவை. வேப்பிலையையும் நொச்சியையும் பக்கங்களுக்கு இடையில் வைக்கும் பழக்கம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் இலையின் கறை தாளில் படிந்துவிடும். உலர்ந்த வசம்பையும் வேப்பிலையையும் துணிப்பொட்டலமாகக் கட்டி அலமாரி மூலையில் வையுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் கரையான் ஏறும் வழி கண்ணுக்குத் தெரியும். பூச்சி கண்ட நூலைக் காற்றுப்புகாத பையில் இட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் பை வெளிப்புறம் வியர்த்து ஓய்ந்த பிறகே பிரியுங்கள். தேக்குப் பெட்டகத்தில் வைப்பதானால் உட்புறம் அமிலமற்ற தாளை விரியுங்கள். மரத்திலிருந்து வெளிப்படும் ஆவி தாளைப் பழுப்பாக்கும். 1995இல் வெளிவந்த ரெம் கூல்ஹாஸின் 1,344 பக்க நூல் போன்ற பருமனானவற்றை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். நின்றால் உள்ளுடல் தன் எடையாலேயே அட்டையிலிருந்து இறங்கிவிடும்.

சட்டத்தில் ஏதேனும் தடை உண்டா?

உள்நாட்டில் நூல் வாங்குவதற்கும் விற்பதற்கும் தடை இல்லை. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் ஆகியவற்றில் மதிப்புடைய கையெழுத்துச் சுவடியோ ஆவணமோ 75 ஆண்டு பழமை அடைந்துவிட்டால் அது தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூலுக்குள் செருகியிருக்கும் பழைய கடிதமும் கட்டட வரைபடமும் இந்த வரையறைக்குள் வரக்கூடும். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்ப எண்ணுபவர் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நூலுக்குள் கிடைக்கும் கடிதம், இரசீது, வரைபடம் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைக்கலாமா?

எடுத்து வைக்கலாம், பிரித்துவிடக் கூடாது. அமிலத்தாளும் துருப்பிடித்த குண்டூசியும் நூலைக் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தனி உறையில் இடுங்கள். எந்தப் பக்கங்களுக்கு இடையில் இருந்தது என்று உறையின் மேல் மென்பென்சிலால் எழுதி, நூலோடு ஒரே பெட்டியில் வையுங்கள். நூலை எழுதிய கலைஞர் ஒருவர் வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம் அந்த நூலிலிருந்து பிரிந்துவிட்டால், கடிதம் ஒரு கடிதமாகவும் நூல் ஒரு நூலாகவும் நின்றுவிடும். இருவரும் சந்தித்தார்கள் என்ற செய்தி காணாமல் போய்விடும். கடைகளில் இந்தப் பிரிவினை நாள்தோறும் நடக்கிறது. கடிதம் ஒருவருக்கும் நூல் இன்னொருவருக்கும் விற்கப்படுகிறது. என் கண்ணெதிரே ஒருமுறை நடந்தபோது இரண்டையும் நானே வாங்கிச் சேர்த்தேன். மறுமுறை நான் போய்ச் சேர்வதற்குள் கடிதம் போய்விட்டது.

எனக்குப் பிறகு இந்தச் சேகரிப்பு என்ன ஆகும்?

இதைக் கேட்பவர்களுக்கு நான் கோட்டையூரைச் சொல்வேன். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருந்த ரோஜா முத்தையா அங்கே தம் வீட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. அது சிதறாமல் தப்பியதற்கு முதற்காரணம், அவர் அதை ஒன்றாக வைத்திருந்தது. புதுக்கோட்டை ஞானாலயாவும் ஒரு தம்பதியரின் வீட்டிலிருந்து வளர்ந்த நூலகம்தான்.

உங்கள் சேகரிப்பு ஐம்பது நூலே ஆனாலும் ஒரு பேரேடு போடுங்கள். நூலின் பெயர், பதிப்பு, ஆண்டு, ஒப்பம் எந்தப் பக்கத்தில் எந்த மையில் இருக்கிறது, யாரிடம் எந்த நாளில் என்ன விலைக்கு வாங்கியது, உள்ளே என்ன இருந்தது, நீங்கள் செய்த சோதனைகள் யாவை என்று ஒரு நூலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டு படி எடுத்து ஒன்றை நூல்களோடும் மற்றொன்றை வேறு வீட்டிலும் வையுங்கள். கல்யாணத்தில் கொடுத்த சாமான்களை எல்லாம் ஒரு கரண்டி விடாமல் பட்டியல் எழுதிவைத்த குடும்பங்கள் நாம். அந்தப் பழக்கத்தை நூலுக்கும் நீட்டினால் போதும். பாகம் பிரிக்கும் நாள் வந்தால் நூல்களை ஆளுக்குப் பத்தாகப் பங்கிடாமல், ஒருவர் பெயருக்கு முழுதாக விட்டு மற்றவர்களுக்கு ஈடு கொடுக்குமாறு உயிலில் எழுதுங்கள். எடுத்துக்கொள்ள யாருமில்லையென்றால், உயிரோடு இருக்கும்போதே ஒரு நூலகத்தோடு பேசி, பேரேட்டின் ஒரு படியை முன்னதாக அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.